ஒரு கனவு எவ்வளவு நேரம் ஓடுகிறது?

அலாரத்தை அணைத்துவிட்டு மீண்டும் கண்ணயர்கிறோம். ரயில் நிலையத்துக்கு ஓடுகிறோம்; ரயிலைத் தவறவிடுகிறோம்; பல வருடங்களாகப் பார்க்காத பள்ளித் தோழன் எதிரே வருகிறான்; அவனோடு முன்பின் தெரியாத ஊருக்குப் போய், யாருடைய வீடு என்றே தெரியாத ஒரு வீட்டில் மாலை வரை பேசிக்கொண்டிருக்கிறோம். திடுக்கிட்டு விழித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் எட்டு நிமிடம்தான் ஆகியிருக்கிறது. ஒரு பகல்பொழுது எட்டு நிமிடத்துக்குள் எப்படி அடங்கியது?

இந்த வியப்பிலிருந்துதான் ஒரு தவறான கருத்து பிறக்கிறது: "எவ்வளவு பெரிய கனவானாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும்." இதற்கு நேர் எதிரான இன்னொரு பேச்சும் உண்டு: "நேற்று இரவு முழுக்க ஒரே கனவு, தூங்கவே இல்லை." இரண்டையும் நன்றாகப் படித்தவர்களே உறுதியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டுமே சரியல்ல. இது வெறும் ஊகத்துக்கு விடப்பட்ட விஷயமும் அல்ல. தூங்குகிறவர்களை நள்ளிரவில் எழுப்பி, கேள்வி கேட்டு, கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதில் தெரியவந்தது இதுதான்: கனவுக்குள் நேரம் சுருங்குவதில்லை. கதைதான் தாவித் தாவிப் போகிறது.

## ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள்

'கனவு எவ்வளவு நேரம்?' என்று கேட்கும்போது நாம் பெரும்பாலும் மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு தியேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு நாளில் மொத்தம் எத்தனை மணி நேரம் திரையில் படம் ஓடியது என்பது ஒரு கணக்கு. ஒரு படம் எத்தனை நிமிடம் என்பது வேறு கணக்கு. அந்தப் படத்தின் கதைக்குள் எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்பது இன்னொரு கணக்கு. கதாநாயகன் குழந்தையாகத் தொடங்கிக் கிழவனாக முடிகிறான் என்பதற்காக, படம் எழுபது ஆண்டு ஓடியது என்று யாரும் சொல்வதில்லை. எழுபது ஆண்டு கால வாழ்க்கையை நம்ப முடியாத வேகத்தில் ஓட்டிக் காட்டினார்கள் என்றும் சொல்வதில்லை.

கனவு விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம். ஒரு இரவில் மொத்தமாகக் கனவு காணும் நேரம், ஒரு தனிக் கனவின் நீளம், கனவின் கதைக்குள் கழிந்ததாகத் தோன்றும் காலம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## 'சில விநாடி' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் அல்ஃபிரட் மோரி என்று ஓர் அறிஞர் இருந்தார். தூக்கத்தையும் கனவுகளையும் பற்றி 1861-ல் வெளியான அவருடைய நூலில் ஒரு கனவு விவரிக்கப்பட்டிருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலம். கொலைகளைக் கண்ணால் பார்க்கிறார். புரட்சி நீதிமன்றத்தின் முன் அவரை நிறுத்துகிறார்கள். மரண தண்டனை விதிக்கிறார்கள். வண்டியில் ஏற்றிக் கூட்டத்தின் நடுவே கொண்டுபோகிறார்கள். கழுத்து வெட்டும் இயந்திரத்தில் படுக்க வைக்கிறார்கள். கத்தி விழுகிறது. விழித்துப் பார்த்தால், கட்டிலின் ஒரு பகுதி கழன்று அவருடைய கழுத்தில் விழுந்து கிடக்கிறது.

இதிலிருந்து மோரி எடுத்த முடிவு: கட்டில் துண்டு கழுத்தில் பட்ட அந்தக் கணத்தில்தான் முழுக் கனவும் உருவாகியிருக்க வேண்டும். அவ்வளவு நீண்ட கதை கண் இமைக்கும் நேரத்தில் ஓடி முடிந்திருக்க வேண்டும்.

கேட்பதற்குச் சிலிர்ப்பாக இருக்கிறது. அதனால்தான் நூற்றைம்பது ஆண்டுகள் தாண்டியும் இந்த எண்ணம் உயிரோடு இருக்கிறது. ஆனால் இது ஒரே ஒருவர் கண்ட ஒரே ஒரு கனவு. அது எப்போது தொடங்கியது என்று அளந்து பார்க்க அன்று எந்தக் கருவியும் இல்லை. புரட்சியைப் பற்றிய கனவு ஏற்கெனவே சில நிமிடங்களாக ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். கழுத்தில் விழுந்த அடி அதன் கடைசிக் காட்சியாகச் சேர்ந்துகொண்டிருக்கலாம். அலாரம் ஒலி கனவுக்குள் கோவில் மணியாகவோ தொலைபேசி அழைப்பாகவோ நுழைவதை நாமே அனுபவித்திருக்கிறோம் அல்லவா? மணி அடித்த பிறகுதான் கனவே தொடங்கியது என்று நாம் கருதுவதில்லை.

## தூக்கத்துக்குள் என்ன நடக்கிறது?

கனவை அளக்க வேண்டுமானால் முதலில் தூக்கத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். விளக்கை அணைத்தால் இருட்டு, போட்டால் வெளிச்சம் என்பது போன்ற ஒரே நிலை அல்ல தூக்கம். கடல் அலை போல அது இறங்கி ஏறி, மீண்டும் இறங்குகிறது. முதலில் மேலோட்டமான உறக்கம், பிறகு ஆழ்ந்த உறக்கம், பிறகு மீண்டும் மேலே வந்து ஒரு விசித்திரமான நிலை. இந்த ஒரு சுற்றுக்குத் தோராயமாக 90 நிமிடம் ஆகிறது. ஒரு இரவில் நான்கைந்து சுற்றுகள் நடக்கின்றன.

அந்த விசித்திரமான நிலையைக் கண்டறிந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1950-களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தன் எட்டு வயது மகனைத் தூங்கவைத்து, அவன் கண்களின் அருகே மின்வாய்களை ஒட்டி, இரவு முழுவதும் பதிவு செய்துகொண்டிருந்தார். மின்வாய் என்பது உடலில் எழும் மிகச் சிறிய மின்னோட்டத்தை உணர்ந்து கருவிக்கு அனுப்பும் சிறு உலோகத் தகடு. பையன் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்க, கருவியின் முள் திடீரென்று தாறுமாறாக ஆடத் தொடங்கியது. கருவிதான் பழுதாகிவிட்டதோ என்று அவர் சந்தேகப்பட்டார். கருவி சரியாகத்தான் இருந்தது. மூடிய இமைகளுக்குள் பையனின் விழிகள் வேகவேகமாக அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தன. அசெரின்ஸ்கியும் அவருடைய பேராசிரியர் நேத்தனியல் கிளைட்மனும் 1953-ல் இதை வெளியிட்டார்கள்.

விழிகள் விரைந்து அசையும் இந்த உறக்கத்தை அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு 'ரெம் உறக்கம்' என்கிறார்கள். இந்தக் கட்டுரையிலும் அப்படியே அழைப்போம். ரெம் உறக்கத்தில் மூளையின் மின்னலைகள் விழித்திருப்பவரின் அலைகளைப் போலவே சுறுசுறுப்பாக இருக்கின்றன. மூச்சும் இதயத் துடிப்பும் சீரற்றுப் போகின்றன. ஆனால் கைகால் தசைகள் முற்றிலும் தளர்ந்துவிடுகின்றன. மூளைத்தண்டிலிருந்து வரும் ஒரு தடை உத்தரவு அவற்றைக் கட்டிப்போடுகிறது. கனவில் ஓடும்போது நாம் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடாமல் இருப்பது இதனால்தான். மூளை விழித்திருக்க, உடல் கிடையாய்க் கிடக்கும் இந்த முரணைக் கண்டு, மிஷெல் ஜூவே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இதற்கு 'முரண் உறக்கம்' என்றே பெயர் வைத்தார்.

ரெம் கட்டங்கள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. இரவின் முதல் ரெம் கட்டம் ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்தடுத்த சுற்றுகளில் அது நீண்டுகொண்டே போகும். விடியும் நேரத்தில் வரும் கடைசிக் கட்டம் அரை மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. வளர்ந்த ஒருவரின் தூக்கத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம், ரெம் உறக்கமாகக் கழிகிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்ப்போம். தூக்கம் 90 நிமிடச் சுற்றுகளாக நகர்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ரெம் உறக்கம் வருகிறது. விடியலை நெருங்க நெருங்க அது நீள்கிறது. அதற்கும் கனவுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அடுத்த கேள்வி.

## எழுப்பிக் கேட்டார்கள்

கிளைட்மனின் மற்றொரு மாணவரான வில்லியம் டிமென்ட், கேட்க வேண்டிய கேள்வியை நேரடியாகவே கேட்டார். தூங்குகிறவர்களை ரெம் உறக்கத்தில் எழுப்பினால், அவர்களில் பெரும்பாலோர் விரிவான கனவைச் சொன்னார்கள். மற்ற நேரங்களில் எழுப்பினால், அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

அடுத்து நேரத்துக்கான சோதனை. 1957-ல் டிமென்டும் கிளைட்மனும் வெளியிட்ட ஆய்வில், ரெம் உறக்கம் தொடங்கி 5 நிமிடம் ஆனதும் சிலமுறையும், 15 நிமிடம் ஆனதும் சிலமுறையும் எழுப்பினார்கள். "கனவு கண்டது ஐந்து நிமிடமா, பதினைந்து நிமிடமா?" இதுதான் கேள்வி. தூங்கியவருக்குக் கடிகாரம் தெரியாது. கனவு விநாடியில் முடிகிற விஷயம் என்றால், விடை பூவா தலையா போட்டுப் பார்த்தது போல இருந்திருக்க வேண்டும். ஆனால் 111 முறை எழுப்பியதில் 92 முறை அவர்கள் சரியாகச் சொன்னார்கள்.

அதோடு, ரெம் உறக்கத்தில் அதிக நேரம் இருந்த பிறகு எழுப்பப்பட்டவர்கள் கனவை விவரிக்க அதிகச் சொற்களைப் பயன்படுத்தினார்கள். நேரம் கூடக் கூடக் கதையும் நீண்டது. தவறிய விடைகளிலும் ஒரு செய்தி இருக்கிறது. 15 நிமிடக் கனவுகளில்தான் தவறுகள் அதிகம். அவற்றை 5 நிமிடம் என்று குறைத்துச் சொல்லிவிட்டார்கள். நீண்ட கனவின் முற்பகுதி மறந்து, வால் மட்டும் கையில் சிக்கியதுதான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1958-ல் டிமென்டும் எட்வர்ட் வோல்பெர்ட்டும் செய்தது இதைவிட அழகான சோதனை. ரெம் உறக்கத்தில் இருப்பவரின் தோலில் குளிர்ந்த நீரைத் தெளித்தார்கள். ஆள் விழிக்கவில்லை. ஆனால் சில சமயங்களில் கனவுக்குள் திடீரென மழை பெய்தது, கூரை ஒழுகியது. சில நிமிடம் கழித்து எழுப்பிக் கதையைக் கேட்டார்கள். நீர் தெளித்த நேரம் ஆய்வாளரின் கடிகாரத்தில் இருக்கிறது. அதே கணம் கனவுக்குள் மழையாகப் பதிந்திருக்கிறது. மழைக்குப் பிறகு கனவில் நடந்த செயல்களை விழிப்பில் செய்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் கடிகாரத்திலும் ஓடியிருந்தது. மோரிக்கு வாய்க்காதது இதுதான்: கனவின் நடுவே ஒரு அடையாளக் கல்லை நட்டு, அங்கிருந்து அளப்பது.

## கனவுக்குள்ளிருந்து வந்த சைகை

இன்னும் நேரடியான ஒரு வழியும் உண்டு. 'இது கனவு' என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொள்ளும் நிலை சிலருக்கு வாய்க்கிறது. இதைத் தெளிவுக் கனவு என்று அழைப்போம். ரெம் உறக்கத்தில் தசைகள் கட்டுண்டு கிடந்தாலும் கண்களை அசைக்கும் தசைகள் அந்தக் கட்டுக்குள் வருவதில்லை. எனவே கனவு காண்பவர் கனவுக்குள் இடவலமாகப் பார்த்தால், அது வெளியே கருவியில் பதிவாகும். 1975-ல் இங்கிலாந்தில் கீத் ஹெர்னும், சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஸ்டீஃபன் லபெர்ஜும் இப்படிக் கனவுக்குள்ளிருந்து சைகை வாங்கிக் காட்டினார்கள்.

பிறகு நேரத்தை அளப்பது கடினமாக இல்லை. கனவுக்குள் ஒரு கண் சைகை, பத்து விநாடியை எண்ணுதல், மீண்டும் ஒரு சைகை. கருவியில் இரண்டு சைகைகளுக்கும் இடைப்பட்ட நேரம், அதே ஆள் விழித்திருக்கும்போது எண்ண எடுத்துக்கொண்ட நேரத்தோடு ஒத்துப்போனது.

ஜெர்மன் மொழி பேசும் ஆய்வாளர்களான டேனியல் எர்லாஹரும் மைக்கேல் ஷ்ரெட்லும் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். எண்ணுவதோடு நிற்காமல், கனவுக்குள் உட்கார்ந்து எழும் உடற்பயிற்சியையும் செய்யச் சொன்னார்கள். எண்ணுவதில் பெரிய வேறுபாடு இல்லை. உடற்பயிற்சிக்கோ, விழிப்பில் ஆவதைவிடக் கனவில் கூடுதல் நேரம் ஆனது. 'கனவு மின்னல் வேகம்' என்று நம்பியவர்கள் இந்த முடிவைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். உடலசைவைப் பொறுத்தவரை கனவு நம் விழிப்பு வாழ்க்கையைவிட மெதுவாகக்கூட நடக்கிறது.

சுருங்கச் சொன்னால், மூன்று வெவ்வேறு வழிகளில் அளந்தும் ஒரே திசையில்தான் விடை வந்தது. கனவில் ஒரு நிமிட வேலைக்குக் கடிகாரத்திலும் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது.

## அப்படியானால் அந்த முழுப் பகல் எங்கிருந்து வந்தது?

மீண்டும் அந்த எட்டு நிமிடத் தூக்கத்துக்கு வருவோம். ரயிலைப் பிடிக்க ஓடியதை ஒரு நிமிடம் கண்டிருப்போம். தோழனைப் பார்த்துப் பேசியது இரண்டு நிமிடம். அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தது மூன்று நிமிடம். ஆனால் அந்த ஊருக்குப் பயணம் செய்தோமே, அதைக் கண்டோமா? ஜன்னலோர இருக்கை, நின்ற நிறுத்தங்கள், வழியில் எடுத்த தாகம், இவற்றில் எதுவும் நினைவுக்கு வராது. ஏனென்றால் அந்தப் பயணம் கனவில் நடக்கவே இல்லை. நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம்; அடுத்த கணம் வீட்டில் இருந்தோம். இடையில் பயணம் செய்திருக்க வேண்டும் என்று விழித்த பிறகு நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

சினிமாவில் ஒருவர் வீட்டுக் கதவைச் சாத்துவார். அடுத்த காட்சியில் அலுவலகத்தில் இருப்பார். நாம் குழம்புவதில்லை. கனவு இதையே இன்னும் துணிச்சலாகச் செய்கிறது. விழித்திருக்கும்போது 'இங்கே எப்படி வந்தேன்?' என்று கேட்கும் பொறுப்பு, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிக்கு உண்டு. ரெம் உறக்கத்தில் அந்தப் பகுதியின் சில இடங்கள் அடங்கிப்போயிருக்கின்றன. காவல்காரன் தூங்க, காட்சிகள் கேள்வியின்றி உள்ளே நுழைகின்றன.

இதில் இன்னும் நுட்பமான ஒன்று இருக்கிறது. கனவில் காலம் வெறும் உணர்வாகவும் வந்துவிடும். 'நான் இந்த ஊரில் பல வருடங்களாக இருக்கிறேன்' என்று கனவில் தெரிந்திருக்கும். அந்த வருடங்களை நாம் வாழவில்லை. வாழ்ந்துவிட்டோம் என்ற எண்ணம் மட்டும் ஆயத்தமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. "படித்து முடித்து, வேலை தேடி, ஊர் மாறினேன்" என்று ஒருவர் சொல்ல மூன்று விநாடி போதும். அதற்காக அந்தப் பத்து ஆண்டுகள் மூன்று விநாடியில் ஓடின என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. கனவின் 'பல வருடங்கள்' இப்படிப்பட்டவைதான்.

எட்டு நிமிடத்தில் அவ்வளவு சீக்கிரம் கனவு எப்படி வந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. விடியற்காலையில் உறக்கத்தில் ரெம் கட்டங்களே மிகுந்திருக்கின்றன. அலாரம் அதன் நடுவே எழுப்பிவிட்டால், மீண்டும் கண்ணயர்பவர் விரைவிலேயே அதற்குள் திரும்பிப் போய்விட முடியும்.

## ரெம் கட்டமும் கனவும் ஒன்றுதானா?

முழுக்க ஒன்றல்ல. இங்கேதான் பலருடைய விளக்கங்கள் அவசரப்பட்டுவிடுகின்றன. ஒரு நீண்ட ரெம் கட்டத்துக்குள் ஒரே கனவு ஓடலாம். ஒன்றோடொன்று ஒட்டாத பல கனவுகளும் ஓடலாம். மறுபக்கம், ரெம் அல்லாத உறக்கத்தில் கனவே இல்லை என்ற பழைய எண்ணமும் நிலைக்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் டேவிட் ஃபோக்ஸ் என்ற உளவியலாளர், எழுப்பியவுடன் "கனவு கண்டீர்களா?" என்று கேட்பதற்குப் பதில் "மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?" என்று கேட்டார். ரெம் அல்லாத உறக்கத்திலிருந்தும் ஏராளமான பதில்கள் வந்தன. அவை பெரும்பாலும் குட்டையானவை, காட்சியைவிடச் சிந்தனைக்கு நெருக்கமானவை.

தூக்கம் கண்ணைத் தழுவும் தறுவாயில் ஒரு முகம், ஒரு குரல், படியில் கால் தவறும் உணர்வு என்று தோன்றி மறைவதையும் சேர்த்துக்கொண்டால், சில விநாடிக் கனவுகளும் உண்மையிலேயே இருக்கின்றன. ஆகவே ஒரு தனிக் கனவின் நீளத்தைக் கேட்டால் நேர்மையான விடை இதுதான்: சில விநாடியிலிருந்து அரை மணி நேரம் வரை, சில சமயம் அதற்கு மேலும். முன்னிரவுக் கனவுகள் குறுகியவை. விடியற்காலைக் கனவுகள் நீண்டவை.

## இரவு முழுக்கக் கனவு கண்டதாகத் தோன்றுவது ஏன்?

இதற்கு விடை நினைவில் இருக்கிறது. ரெம் உறக்கத்தில் மூளையில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளின் சுரப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. நடப்பதைக் கவனித்துப் பதிய வைப்பதில் இதற்குப் பங்கு உண்டு. எனவே கனவு ஓடிக்கொண்டே இருந்தாலும் அழுத்தமாகப் பதிவதில்லை. கனவின் நடுவிலோ, முடிந்த உடனேயோ விழித்தால்தான் அது நினைவில் தங்க வாய்ப்பு. "எனக்குக் கனவே வருவதில்லை" என்பவர்களை ஆய்வகத்தில் ரெம் உறக்கத்தின் நடுவே எழுப்பினால், அவர்களிலும் பெரும்பாலோர் கனவைச் சொல்லிவிடுகிறார்கள்.

கவலையாலோ, புழுக்கத்தாலோ, உடல்வலியாலோ தூக்கம் அடிக்கடி கலைந்தால், ஒவ்வொரு முறையும் ஏதாவதொரு கனவின் துண்டு கையில் சிக்கும். நான்கு துண்டுகளை ஒட்டிப் பார்த்தால் இரவு முழுக்கக் கனவு கண்டது போலத் தெரியும். அந்த மனிதர் மற்றவர்களைவிட அதிகமாகக் கனவு காணவில்லை. அதிக முறை விழித்தார். அவர் களைப்பாக எழுவதற்குக் கனவைக் குற்றம் சொல்ல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தூக்கத்தைக் கலைத்தது எது என்றுதான் தேட வேண்டும்.

கனவின் அளவு உண்மையாகவே கூடும் இரவுகளும் உண்டு. சில நாட்கள் சரியாகத் தூங்காமல் இருந்து பிறகு நன்றாகத் தூங்கினால், விட்டுப்போன ரெம் உறக்கத்தை மூளை ஈடுகட்டப் பார்க்கும். மது முன்னிரவில் ரெம் உறக்கத்தைக் குறைத்துவிடும். பின்னிரவில் அது திமிறிக்கொண்டு வரும். மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் ரெம் உறக்கத்தைக் குறைக்கின்றன. அவற்றைச் சட்டென்று நிறுத்தினால் கனவுகள் மிகுந்து வரலாம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

## உங்கள் கனவை நீங்களே அளக்க

தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் போதும். விழித்ததும் புரண்டு படுக்காமல், எழுந்து உட்காராமல், கண்ணை மூடியபடியே கிடந்து கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் என்ன, அதற்கும் முன் என்ன என்று பின்னோக்கிப் போங்கள். பிறகு எழுதுங்கள். எழுதும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். 'அங்கே போனோம்' என்று எழுதத் தோன்றினால், போகும் வழியில் எதையாவது பார்த்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்கவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போங்கள்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு காட்சிக்கும் விழிப்பில் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஓரத்தில் குறித்துக் கூட்டுங்கள். கோடுகளுக்குக் கணக்கில் இடமில்லை. ஒரு நாள் முழுக்க நடந்ததாகத் தோன்றிய கனவு, பெரும்பாலும் ஐந்து பத்து நிமிடக் கணக்கில் வந்து நிற்கும்.